ஓய்வெடுக்கக் கூட்டிப்போனார்கள்

நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓர்ப்படியாளுக்கு மதுரையில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: கனம் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, முடிந்தால் கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கமே போக வேண்டாம். அதைச் சொன்னபோது அவளுடைய கணவர், அதாவது என் கணவரின் அண்ணன், கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சரி சரி என்று தலையைக்கூட ஆட்டினார். நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் காதில் விழவில்லை என்று பிறகு யாரும் என்னிடம் சொல்ல முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. போடிநாயக்கனூரில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமும் இருந்தோம். அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். மலையில் கொஞ்சம் தோட்டமும் இருந்தது. என் கணவர் அவருக்குக் கூடமாட இருந்தார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆபரேஷனுக்குப் பிறகு சமையல் முழுவதும் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு சமையல், வந்த பிறகு ஒரு சமையல். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அக்காவைப் படுத்திருக்க விடுவதில்தான் வீட்டாருக்குப் பொறுமை போதவில்லை. கொஞ்ச நாளிலேயே மாமியார், "இன்னுமா படுத்திருக்கா" என்று அவள் காதுபடக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவளும் எழுந்து வந்து காய் நறுக்கினாள். அப்புறம் அரிசி களைந்தாள். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

தீபாவளி முடிந்து மழையும் ஓய்ந்திருந்த ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவிய அண்ணன் துண்டில் துடைத்துக்கொண்டே அறிவித்தார்.

"சனி ஞாயிறு எல்லாரும் மேல போயிட்டு வருவோம். தீவு பங்களாவக் கேட்டிருக்கேன். இவளுக்கும் காத்து மாறுனா ஒடம்பு தேறும்."

அந்தப் பங்களாவைப் பற்றி ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். மலையில் அணை கட்டியபோது தண்ணீர் ஏறி ஒரு குன்றைச் சுற்றி வளைத்துக்கொண்டது. குன்றின் மேல் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பங்களா அப்படியே நின்றுவிட்டது. கோடையில் தண்ணீர் வற்றினால் சேற்றில் நடந்தே போய்விடலாமாம். மழைக்காலம் தொடங்கித் தை மாசி வரைக்கும் படகில்தான் போக வேண்டும். அப்போது அது அண்ணனுக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் கையில் இருந்தது. போடியில் நாலு காசு பார்த்தவர்கள் அங்கே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதை ஒரு பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

அன்று அடுப்படியில் அக்கா என்னிடம் கேட்டாள், "அங்க போயி நாம என்னதான் புள்ள செய்யணும்?"

"ஒண்ணுஞ் செய்ய வேண்டாம்க்கா. அதுக்குத்தான போறது."

அவளுக்கு அது விளங்கவே நேரம் பிடித்தது. பிறந்த ஊர் சிலமலை, கட்டிக்கொடுத்த ஊர் போடி, ஆபரேஷனுக்குப் போன மதுரை. இதைத் தவிர அவள் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதற்காக ஓர் இடத்துக்குப் போவது என்பது அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனாலும் குளிருக்கு என்று பஜாரில் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டாள். நான் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து தடிமனான நாவல் ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டோம்.

சனிக்கிழமை காலையில் ஜீப்பில் ஏறப்போனால், பின்னால் உட்கார இடமில்லை. அரிசி மூட்டை, எண்ணெய் டின், பெரிய குண்டான்கள், அரைத்த மசாலா, கால் கட்டிய கோழிகள் என்று ஒரு கல்யாண வீட்டு லோடு. நான் என் கணவரிடம் கேட்டேன், "பங்களாவுல சமைக்க ஆள் இல்லையா?"

"இருப்பாங்க. சாமான் குடுத்தாத்தான சமைப்பாங்க."

நம்பினேன். கோழிகளுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் குண்டான்கள் உருண்டு அக்காவின் மேல் விழாமல் பிடித்துக்கொண்டு, போடிமெட்டு ஏறினோம். அக்கா வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் முகம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே போகப் போகக் குளிர்ந்த காற்று வந்ததும், கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "நல்லாருக்கு புள்ள" என்றாள்.

ஏரிக்கரையில் இன்னொரு ஜீப் நின்றது. அண்ணனின் சிநேகிதர்கள் மூன்று பேர் அதில் வந்திருந்தார்கள். இரண்டு பேர் போடிக்காரர்கள், ஒருவர் தேவாரத்துக்காரர். மூவரும் வியாபாரிகள். அவர்கள் வருவதாக எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தேவாரத்துக்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுச் சாப்பாடு கெடைக்கும்னு அண்ணே சொன்னாரு. அதான் நாங்க பொண்டாட்டிமாரக்கூட வீட்டுல விட்டுட்டு ஓடியாந்துட்டோம்."

அப்போதே எனக்குள் ஏதோ சுருக்கென்றது. இருந்தாலும் படகில் ஏறி உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. பங்களாவின் காவல்காரர்தான் துடுப்புப் போட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் ஏலத்தோட்டங்களின் மேல் மேகம் இறங்கி நின்றது. குன்றின் மேல் ஓடு வேய்ந்த பங்களாவும், அதன் முன்னால் தண்ணீரைப் பார்த்த அகலமான தாழ்வாரமும், அதில் நீளக் கை வைத்த சாய்வு நாற்காலிகளும் தெரிந்தன. கரையேறியதும் நான் நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். பையிலிருந்து நாவலை எடுத்தேன். முதல் பக்கத்தைக்கூட முடித்திருக்க மாட்டேன்.

"டீச்சரம்மா, எல்லாருக்கும் ஒரு காப்பி போட்டா நல்லாருக்கும்," என்றார் அண்ணன். மற்றவர்கள் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் எழுந்தோம். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அடுப்படி பங்களாவுக்குப் பின்னால் தனியாக இருந்தது. விறகு அடுப்பு, விறகு நனைந்திருந்தது. ஆள் யாரும் இல்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிய காவல்காரரிடம், "சமைக்கிறவங்க எங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் ராசிங்காபுரத்திலிருந்து பிழைப்புக்கு மலையேறியவர்.

"எம் பொண்டாட்டிதான் ஆத்தா எப்பவும் சமைப்பா. இந்தத் தடவ வீட்டுப் பொம்பளைக வர்றாக, ஆள் வேண்டாம்னு ஒங்க வீட்டுலருந்துதான் சொல்லி விட்டாக. அவ அக்கரையில லயத்துல இருக்கா."

எங்கள் வீட்டிலிருந்துதான். அப்படியென்றால் இது அன்றைக்கு நேர்ந்த ஒரு சங்கடம் அல்ல. முன்கூட்டியே யோசித்து, சமைக்க இருந்தவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் செய்த பெண்ணைக் காற்று மாற்ற என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒங்களுக்கு இது தெரியுமா?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "ரெண்டு நாள்தான? வந்த எடத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத," என்றார்.

"அக்கா ஒடம்பு என்னாகும்?"

"அண்ணிய ஒக்கார வச்சிட்டு நீ செய்யி."

எவ்வளவு சுலபமான ஏற்பாடு. ஆனால் அக்கா உட்காருகிறவளா? நான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் கோழியை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் வெங்காயம் உரித்தாள். நான் சோறு வடித்தபோது அவள் குழம்பைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீருக்குக் குழாய் கிடையாது. குன்றின் சரிவில் மண்ணை வெட்டிப் படி மாதிரி செய்திருந்தார்கள். அதில் இறங்கி ஏரியில் மொண்டு வர வேண்டும். காவல்காரர் வந்தவுடன் இரண்டு குடம் கொண்டு வந்து வைத்தார். அதற்குப் பிறகு அவரைத் தூண்டில் போடவும், படகில் சுற்றிக் காட்டவும் விருந்தாளிகள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான்தான் இறங்கி ஏறினேன். அக்காவைக் குடத்தைத் தொடவே விடவில்லை.

மத்தியானம் கோழிக் குழம்பும் சோறும் ரசமும். சாப்பிட்ட இலையை நாங்கள் எடுத்து முடிப்பதற்குள், சாயங்காலத்துக்கு பஜ்ஜி போடலாமா என்று கேட்டார்கள். போட்டோம். பிறகு சப்பாத்தி. நடுநடுவே காப்பி. தாழ்வாரத்தில் சீட்டாட்டம் நடந்தது. "என்னா ருசி, என்னா கைப்பக்குவம்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். அதைக் கேட்டு நாங்கள் பூரித்துப்போக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் கடைசியில் மிஞ்சியது குழம்பும் கழுத்தெலும்பும்தான். படுக்கை அறைகள் விருந்தாளிகளுக்குப் போய்விட்டன. எங்களுக்குச் சாமான் அறையில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் பாய். ஏலக்காய் வாசத்தைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்களை நான் படித்திருக்கிறேன். அவர்கள் யாரும் கதவை அடைத்துக்கொண்டு அந்த மூட்டைகளோடு படுத்தவர்கள் இல்லை. எனக்குத் தலை வெடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்க ஊதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவைக் காணோம், குடத்தையும் காணோம். வெளியே ஓடினேன். சரிவில் பாதி தூரம் ஏறி வந்திருந்தாள். என் கண் முன்னால்தான் இடுப்பிலிருந்த குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். பிறகு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அருகில் போனபோது முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. சித்த நேரம் ஒக்காந்தாச் சரியாப் போகும்."

"யாரு ஒங்களத் தண்ணிக்குப் போகச் சொன்னா?"

"நீ நேத்துப் பூராம் ஏறி எறங்குன. எனக்குக் கண்ணு இல்லையா?"

நான் தாழ்வாரத்துக்குப் போனேன். விடிந்து வெயில்கூட ஏறவில்லை, அதற்குள் சீட்டுக்கட்டு விரித்தாகிவிட்டது. "அக்காவுக்கு அடிவயித்துல வலி. ஒடனே கெளம்பணும்," என்றேன்.

அண்ணன் கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாயங்காலம் கெளம்பத்தான போறோம். சுக்குத் தண்ணி வச்சுக் குடு, கேக்கும். காலப் பலகாரம் முடியட்டும்."

போடிக்காரர்களில் ஒருவர், "இட்லியா தோசையா தங்கச்சி?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்து, அதில் ஒன்றை எடுத்துக் கீழே போட்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் எத்தனையோ கோபங்களை விழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு விழுங்க முடியவில்லை. அவர்களிடம் மேலே ஒரு வார்த்தையும் பேசவும் பிடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் இன்னொரு குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். புகை எழும்பியது. எங்கள் பைகளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"வீட்டுக்குப் போவோம்க்கா."

அவள் பங்களாவைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை நீட்டினாள், பிடித்துத் தூக்கிவிட்டேன். காவல்காரர் கரையில் படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கள அக்கரைக்குக் கொண்டுபோயி விடுங்கண்ணே."

"அவுக சொல்லலியே ஆத்தா. எனக்குல்ல ஏச்சு விழும்."

"இது ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு. அவங்க சொல்ற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஏச்சு வந்தா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் யோசித்துக்கொண்டு நின்றபோதே, அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானாகவே படகில் காலை வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். துடுப்பை எடுத்தார்.

ஏரியில் கொஞ்ச தூரம் போயிருப்போம். என் கணவர் கரைக்கு ஓடி வந்து நின்றார். தண்ணீருக்கு மேல் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஏய், எங்க போறீங்க?"

"வீட்டுக்கு," என்றேன்.

"அப்ப எங்களுக்குச் சாப்பாடு?"

அவர் கேட்டது அதுதான். அண்ணிக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ரொம்ப வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்தான் அவர். குடி கிடையாது, கை நீட்டமாட்டார், என் சம்பளத்தைக் கேட்டதில்லை. அவருடைய எத்தனையோ நல்ல குணங்களை நான் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கேள்வியும் கூடவே வந்து நிற்கும்.

அக்கரையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் காவல்காரரின் வீடு ஓர் அறை. அவர் மனைவி அக்காவைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கட்டிலில் படுக்க வைத்தாள். "வெள்ளம் சூடா இருக்கு, குடிக்கிறியளா?" என்றாள். மலையில் மலையாளத்துக்காரர்களோடு இருந்து இருந்து தண்ணீர் அவள் வாயில் வெள்ளமாகியிருந்தது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அக்கா அதைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவள் தூங்கும்போது காவல்காரரின் மனைவி என்னிடம் சொன்னாள், "நானும் வருசக்கணக்காப் பாக்குறேன். அந்தப் பங்களாவுக்கு வந்து ஓய்வெடுத்த பொம்பளை ஒருத்தியக்கூட நான் பாத்ததில்ல. ஆம்பளைக மட்டும் வந்தா நாஞ் சமைப்பேன். பொம்பளைகளக் கூட்டியாந்தா என்னைய வேண்டாம்னுருவாக."

எனக்கு முன்னால் எத்தனை பேர் அந்த ஈர விறகை ஊதியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. போடியில் எனக்குத் தெரிந்த பல வீட்டுப் பெண்கள் தீவு பங்களாவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

காவல்காரர் வாசலில் நின்றுகொண்டு, படகைக் காட்டி, "வள்ளத்தத் திருப்பிக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. அங்க ஒண்ணும் அவசரமில்ல," என்றேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டார்.

அக்கா கண் விழித்ததும் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் பிடித்தோம். அவள் ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். போடியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக லேடி டாக்டரின் வீட்டுக்குப் போனோம். அவர் பரிசோதித்துவிட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "உள்தையல் இன்னும் ஆறவே இல்ல. இவங்களக் குடம் தூக்க விட்டது யாரு? வீட்டுல வேற ஆளே இல்லையா?" நல்ல வேளையாக எதுவும் பிரிந்துபோகவில்லை, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லி மருந்து கொடுத்தார். "வீட்டுக்காரர என்னை வந்து பாக்கச் சொல்லுங்க," என்றார். சொன்னோம். அண்ணன் கடைசி வரைக்கும் போகவில்லை.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றார்.

"பெரிய மனுசங்க முன்னாடி எம் மானத்த வாங்கிட்டீங்க. போட்டது போட்டபடி கெடக்கு. பட்டினியாக் கெளம்பி வந்து, பூப்பாறையில பரோட்டாக் கடையில ஒக்கார வச்சுட்டீங்க அவங்கள."

ஏதோ மூன்று பேரை நாடு கடத்திவிட்டது போலச் சொன்னார். அவரை எதிர்த்து நான் அதுவரை பேசியதில்லை. "மாமா, வந்ததுலருந்து பேசுறீங்க. அக்கா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார், உன் பெண்டாட்டியை அடக்கு என்பது மாதிரி. என் கணவர் தரையைப் பார்த்தார். மாமியார்தான் பேசினார். "ஆம்பளைகளப் பட்டினி போட்டுட்டு ஓடி வந்துட்டு வாயப் பாரு. படிச்ச திமிரு. நீ கெட்டதுமில்லாம அவளையுங் கெடுத்து இழுத்துட்டு வந்துட்ட."

அப்போது உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை. படுத்தபடியேதான் சொன்னாள்.

"அவள ஒண்ணுஞ் சொல்லாதீங்க. வள்ளத்துல மொத ஏறுனது நாந்தான்."

அண்ணன் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வார். என் கணவரிடம் ஒரு நாள் கேட்டேன், ஏன் அப்படி வாயை மூடிக்கொண்டு சீட்டைப் போட்டீர்கள் என்று. "அண்ணே முன்னாடி நான் என்ன பேச முடியும்?" என்றார். அவருக்கு அது ஒரு முழுமையான பதில். நான் அந்த வாரமே ராசிங்காபுரத்திலிருந்து ஓர் அம்மாளைச் சமையலுக்குக் கூட்டி வந்தேன். என் சம்பளத்தில் கொடுத்துக்கொள்கிறேன், யாரையும் கேட்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். வெளி ஆள் சமைத்ததைத் தொடமாட்டேன் என்று மாமியார் முதலில் பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். அப்புறம் புளிக்குழம்பு வாசத்துக்கு எழுந்து வந்துவிட்டார். அக்கா பொங்கல் வரைக்கும் படுத்திருந்தாள். உடம்பு தேறியது. அதற்குக் காற்று மாற வேண்டியிருக்கவில்லை.

மறு வருஷம் மழை ஓய்ந்த பிறகு அண்ணன் மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் பதம் இருந்தது.

"பங்களாவுக்கு ஒரு நட போயிட்டு வரலாமா? போன தடவதான் அப்படி ஆகிப்போச்சு."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அங்க போயிப் பாத்துக்கலாம்."

"மொத அதச் சொல்லுங்க. அப்புறம் நாங் கெளம்புறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாங்கள் போகவில்லை. அவரும் சிநேகிதர்களும் மட்டும் போனார்கள். அந்தச் சனிக்கிழமை நான் பஜாருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவர்களுடைய ஜீப் என்னைத் தாண்டிப் போனது. பின்னால் குண்டான்களுக்கு நடுவில், ஊரில் கல்யாணத்துக்குச் சமைக்கிற ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட அண்ணனுக்கு ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது.